பினாங்குக்குப் பாரம் வந்த பாதை



பாரம் சுமப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. தோளில் காண்டாக் கம்பும் இரு பக்கமும் பால் வாளியுமாக மேடு பள்ளம் ஏறி இறங்கிய பரம்பரை நம்முடையது. பினாங்கு நகரில் பேர்பெற்ற ‘நாசி கண்டார்’ சோற்றுக்கும் அந்தக் காண்டாக் கம்பே பெயர் தந்தது. ஒரு மனிதன் தோளில் தூக்கக்கூடிய பாரத்தை நாம் அறிவோம். பத்துப் பேரோ நூறு பேரோ சேர்ந்தாலும் தூக்க முடியாத பாரத்தை என்ன செய்வது? ஆலைக் கொதிகலனும், ரயில் எஞ்சினும், மண்தள்ளும் இயந்திரமும் எவ்வாறு கடலையும் சாலையையும் கடந்து வந்தன? அதைப் பினாங்கை வைத்து இன்று பார்ப்போம்.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலேயரின் கொடியை ஏற்றினார். ஜோர்ஜ்டவுன் நகரம் அதன் பிறகு வளர்ந்தது. நெடுங்காலம் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க வசதி இல்லை. கப்பல் நடுநீரில் நங்கூரம் பாய்ச்சும். சரக்கு தொங்கான்களிலும் படகுகளிலும் இறங்கிக் கரை சேரும். இந்த வேலையில் தமிழர் பலர் இருந்தனர். நகரின் கிங் ஸ்திரீட்டைப் பழைய தமிழர் ‘படவுக்காரத் தெரு’ என்று அழைத்தனர். படவு என்பது படகு. படகுத் தொழிலாளர் வாழ்ந்த தெரு அது.

கரைக்கு வந்த சரக்கை மாட்டு வண்டி ஏற்றுக்கொண்டது. இன்று பர்மா சாலை என்கிறோமே, அதற்கு மலாய்க்காரர் வைத்த பழைய பெயர் ‘தண்ணீர் இழுக்கும் சாலை’ என்று பொருள்படும். சீனர் வைத்த பெயரும் தண்ணீர் வண்டியையே குறிக்கிறது. குழாய்த் தண்ணீர் எங்கும் எட்டாத காலத்தில் மாட்டு வண்டிகள் அவ்வழியே நீர் கொண்டு சென்றதை அப்பெயர்கள் காட்டுகின்றன.

மாட்டு வண்டிக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு காளைகள் ஏறக்குறைய ஒரு டன் இழுக்கும். அதற்கு மேல் ஏற்றினால் மேட்டில் மாடு மண்டியிடும். இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். வண்டியே மாட்டைத் தள்ளும். நல்ல வண்டிக்காரன் மேட்டைக் கண்டு அஞ்சமாட்டான், இறக்கத்தைக் கண்டே அஞ்சுவான்.

இந்த உண்மையை நம் முன்னோர் தேரோட்டத்திலேயே கண்டிருந்தார்கள். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு சுமார் 300 டன் எடை கொண்டது. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள். ஆனால் தேரைத் திருப்புகிறவர்களும் நிறுத்துகிறவர்களும் வடம் பிடிப்பவர்கள் அல்லர். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு நிற்கும் சிலரே அதைச் செய்கிறார்கள். கட்டையைச் சரியான நொடியில், சரியான இடத்தில் வைக்கவேண்டும். தவறினால் உயிருக்கு ஆபத்து. பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் அத்தேருக்கு இரும்பு அச்சும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தடையும் பொருத்தித் தந்தது. பினாங்கிலும் தைப்பூசத்தன்று நகரத்தார் வெள்ளி ரதத்தைக் காளைகள் இழுத்து வருவதைக் கண்டிருப்பீர்கள். அங்கும் இழுக்கும் காளையைவிடச் சக்கரத்தைக் கவனிக்கும் மனிதருக்கே பொறுப்பு அதிகம்.

இழுப்பது ஒரு பங்கு, நிறுத்துவது இரண்டு பங்கு. பாரம் ஏற்றும் தொழிலின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கலாம்.

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை திறக்கப்பட்டது. அதை அமைக்கும் வேலைக்கு இலங்கையிலிருந்து ஆள்கள் வந்தனர். 1909க்குள் பிறையிலிருந்து ஜொகூர் வரை ரயில் ஓடியது. ஆனால் ரயில் தீவுக்கு வரவில்லை. கடல் குறுக்கே நின்றது. ஆகவே ஜோர்ஜ்டவுனில் மணிக்கூண்டோடு ஒரு பெரிய ரயில் கட்டடம் எழுந்தபோது, அது தண்டவாளமே இல்லாத ரயில் நிலையமாக இருந்தது. பயணிகள் அங்கே சீட்டு வாங்கிப் படகேறிப் பிறைக்குச் சென்று ரயிலைப் பிடித்தார்கள்.

ரயிலிலும் நிறுத்துவதே பெரும் சிக்கலாக இருந்தது. தொடக்க காலத்தில் ஆள்கள் பெட்டிக்குப் பெட்டி ஓடிக் கையால் தடையைத் திருகினார்கள். அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் ஒரு வழி கண்டார். குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை சக்கரம் உருளும். குழாய் அறுந்து காற்று வெளியேறினால் தடை தானாகவே பிடித்துக்கொள்ளும். கோளாறு வந்தால் வண்டி ஓடக்கூடாது, நிற்கவேண்டும் என்பதே அதன் தத்துவம். இன்று டிரெய்லர் லோரிகளுக்குப் பின்னால் தொங்கும் காற்றுக் குழாய்களும் இதே தத்துவத்தில் வேலை செய்கின்றன.

தண்டவாளம் இல்லாத இடத்துக்கு மிகப் பெரிய பாரத்தைக் கொண்டுபோக என்ன வழி? 1929ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்காமெல் நிறுவனம் 100 டன் சுமக்கும் இரண்டு ராட்சத லோரிகளைக் கட்டியது. ரயில் எஞ்சினையே முதுகில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோக அவை பயன்பட்டன. மனிதன் வேகமாக நடப்பது போன்ற வேகத்தில்தான் அவை ஊர்ந்தன. முன்னால் ஒருவர் ஓட்ட, பின்னால் ஒருவர் அமர்ந்து பின் சக்கரங்களைத் திருப்பினார். நம் தேரின் முட்டுக்கட்டைக்காரரை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மலாயாவில் போருக்குப் பிறகு லோரிப் போக்குவரத்து பெருகியது. 1960களில் பெட்போர்ட், லேலண்ட் என்ற இங்கிலாந்துப் பெயர்கள் நம் சாலைகளில் பழக்கமாயின. அதே லேலண்ட்தான் சென்னை எண்ணூரில் கூட்டுச் சேர்ந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. பின்னர் ஹீனோ, இசுசு, நிசான் என்று ஜப்பானிய லோரிகள் வந்தன. இவற்றுள் பலவற்றுக்கு ‘மூக்கு’ இருக்காது. எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிராமல் ஓட்டுநர் அறைக்கு அடியில் இருக்கும். ஓட்டுநர் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார்.

ஏன் இந்த அமைப்பு? சட்டம் லோரியின் மொத்த நீளத்துக்கு வரம்பு வைக்கிறது. மூக்குக்குப் போகும் நீளம் சரக்குக்குப் போகும் நீளத்தில் குறையும். மூக்கை எடுத்துவிட்டால் தட்டு நீளும், குறுகிய சந்திலும் வண்டி திரும்பும். ஜோர்ஜ்டவுன் தெருக்களில் லோரியைத் திருப்பியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டுச் சட்டம் பெருஞ்சாலைகளில் மொத்த நீள வரம்பை நீக்கியது. அதன் பிறகு அங்கே மூக்கில்லாத லோரிகள் மெல்ல மறைந்தன. வரம்பு நீடித்த ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அவை நிலைத்தன. ஒரு வண்டியின் முகத்தைத் தீர்மானித்தது அரசாங்கத்தின் அளவுகோல் என்றால் வியப்பாக இல்லையா?

இந்த வசதிக்கு ஓட்டுநர் கொடுத்த விலையும் உண்டு. பழைய வண்டிகளில் எஞ்சினின் சூடும் இரைச்சலும் அவர் காலடியிலேயே இருந்தன. மோதல் நேர்ந்தால் முன்னால் தாங்கிக்கொள்ள மூக்கில்லை; முதலில் அடிபடுவது அவர் கால்களே.

இனி டிரெய்லரைப் பார்ப்போம். இழுக்கும் தலை வண்டி வேறு, பாரம் ஏறும் பின் வண்டி வேறு. தலை வண்டியின் முதுகில் வட்டமான ஓர் இரும்புத் தட்டு இருக்கிறது. பின் வண்டியின் அடியிலுள்ள தடித்த ஆணி அதில் பூட்டிக்கொள்ளும். பாரத்தின் ஒரு பங்கு தலை வண்டியின் பின் சக்கரங்கள் மேல் அழுந்துவதால் அவற்றுக்குச் சாலையில் பிடிப்புக் கிடைக்கிறது. கனரக இயந்திரங்களுக்கு என்று, தட்டு தரைக்கு அருகே தாழ்ந்திருக்கும் டிரெய்லர் உண்டு. பாரம் தாழ இருந்தால் வண்டி கவிழும் ஆபத்துக் குறையும்.

இந்தத் தாழ்தட்டு டிரெய்லரைத் தோட்டத்து மக்கள் நன்கு அறிவார்கள். புல்டோசர் தன் சங்கிலிச் சக்கரத்தால் தார்ச்சாலையில் நடந்தால் சாலை பெயர்ந்துவிடும். இருபது டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய புல்டோசரும் லோரி முதுகில் ஏறித்தான் தோட்டத்துக்கு வரவேண்டும். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட காலத்தில் அது வந்தது. தோட்டத்தை விற்று வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலத்தைச் சமன்செய்த காலத்திலும் அதுவே வந்தது. லயத்து வாசலில் நின்ற பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. பெற்றோருக்கு அது பிழைப்பு மாறப்போகிறது என்பதன் அடையாளம்.

இயந்திரத்தை ஏற்றுவதில் ஒரு கணக்கு உண்டு. மிக முன்னால் ஏற்றினால் தலை வண்டி அழுந்தும்; மிகப் பின்னால் ஏற்றினால் தலை வண்டியின் பிடிப்புப் போய்விடும். இடம் பார்த்து நிறுத்தி, சங்கிலியால் நான்கு பக்கமும் இறுக்கி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கவேண்டும். சிறிது தூரம் ஓடியபின் வண்டியை நிறுத்திச் சங்கிலியை மறுபடியும் பார்க்கவேண்டும். ஓட்டத்தில் இரும்பும் தளரும்.

தீவுக்குச் செல்லும் லோரிகள் நெடுங்காலம் பட்டர்வொர்த்தில் வரிசை பிடித்துப் பெர்ரியில் ஏறின. 1985இல் பினாங்குப் பாலம் திறந்தது. மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலின் மேல். 2014இல் இரண்டாம் பாலமும் வந்தது. 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு கார்களை ஏற்றிய பழைய பெர்ரிகள் ஓய்வு பெற்றன. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரத்தின் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் இந்தப் பாலங்களின் வழியே போகின்றன. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் இளைஞர் பலர் லோரியின் ஸ்டீரிங்கைப் பிடித்தார்கள். ஆகவே இந்த வரலாறு நம் வீட்டு வரலாறும் ஆகும்.

இங்கே ஒரு முக்கியச் செய்தியைச் சொல்லவேண்டும். பாரம் இரண்டு மடங்கானால், நிறுத்தும்போது தடையில் பிறக்கும் சூடும் இரண்டு மடங்காகும். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சூடேறிய தடை வழுக்கும்; மிதித்தாலும் பிடிக்காது. எனவேதான் ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிவைத்தார்கள். எஞ்சினே வண்டியை அடக்கட்டும், தடையைக் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள் என்பது அதன் பொருள்.

2025 மே 13ஆம் நாள் தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாவின் பாதுகாப்புப் பணியை முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர், கல் ஏற்றி வந்த லோரி மோதி உயிரிழந்தனர். அந்த லோரியில் ஸ்டீரிங் கோளாறும், அளவுக்கு மீறிய பாரமும் இருந்ததை விசாரணை காட்டியது. நம் திருவிழாவைக் காத்தவர்களின் வீடுகளில் இழவு விழுந்தது. பாரக் கணக்கைப் பொருட்படுத்தாததன் விலை அது.

பயணத்துக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது ஓட்டுநருக்கு ஆசையும் வருகிறது, நெருக்குதலும் வருகிறது. கூட ஏற்று என்று சொல்பவர் ஒருவர்; சாலையில் உயிரைப் பணயம் வைப்பவர் இன்னொருவர். தோட்டத்து மக்களுக்குத் தராசின் மதிப்பைச் சொல்லித்தரத் தேவையில்லை. பால் நிறுக்கும் இடத்தில் முள் எங்கே நிற்கிறது என்று நம் தாய்மார்கள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். அங்கே தராசில் இருந்தது ஒரு நாள் சம்பளம். லோரியை நிறுக்கும் தராசில் இருப்பது ஒரு குடும்பத்தின் விளக்கு.

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை லோரி வேலைக்குப் போனால் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். வண்டிக்கு அனுமதித்த எடை எவ்வளவு, ஏற்றுவது எவ்வளவு, தடையைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்றும் கேளுங்கள். அளவுக்கு மேல் ஏற்றமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டு வந்தால், அன்றைக்குக் கூலி குறைந்திருந்தாலும் அவனுக்குத் துணை நில்லுங்கள்.