இயர்பட்ஸில் ஒலி மங்குகிறதா? ரப்பர் முனை காரணமாக இருக்கலாம்: மாற்றிப் பொருத்தும் முறை

புதுதில்லி: கம்பியில்லா இயர்பட்ஸ் வாங்கும் பலர், பெட்டிக்குள் சிறு உறையில் வைக்கப்பட்டிருக்கும் கூடுதல் ரப்பர் முனைகளைத் தொடுவதே இல்லை. ஏற்கெனவே பொருத்தப்பட்டு வரும் நடுத்தர அளவு முனையுடனேயே பயன்பாடு தொடங்கிவிடுகிறது. பின்னர் பாடலில் தபேலாவும் டிரம்ஸும் மங்கலாகக் கேட்டாலோ, நடக்கும்போது கருவி காதிலிருந்து நழுவினாலோ, பழி கருவியின் மீதே விழுகிறது. பல நேரங்களில் குறை கருவியில் இல்லை. சில ரூபாய் மதிப்புள்ள அந்த முனையில்தான் இருக்கிறது.

இயர்பட்ஸின் முனை, காதுத் துளையை ஒரு மூடியைப்போல அடைக்க வேண்டும். தாழ்ந்த சுருதி ஒலிகள், அடைபட்ட அந்தச் சிறு காற்றறையில் உண்டாகும் அழுத்த மாற்றத்தால்தான் முழுமையாகக் கேட்கின்றன. முனைக்கும் தோலுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருந்தாலே அந்த அழுத்தம் வெளியேறி, 'பாஸ்' எனப்படும் கனத்த ஒலி முதலில் மறைகிறது. அதே இடைவெளி வழியாகப் பேருந்து இரைச்சலும் ரயில் ஓசையும் உள்ளே நுழைகின்றன. கேட்பவர் இயல்பாகவே ஒலியளவைக் கூட்டுகிறார். காணாமல்போன பாஸ் அதனால் முழுமையாகத் திரும்புவதில்லை. மற்ற ஒலிகள்தான் செவிப்பறையை மேலும் பலமாகத் தாக்குகின்றன.

இது வெறும் இசை ரசனை சார்ந்த விஷயம் அல்ல. பாதுகாப்பற்ற முறையில் ஒலி கேட்பதால் உலகம் முழுவதும் 100 கோடிக்கும் அதிகமான இளையோர் செவித்திறன் இழப்பு அபாயத்தில் உள்ளதாக உலக சுகாதார அமைப்பு எச்சரித்துள்ளது. 80 டெசிபல் அளவிலான ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், 90 டெசிபலாக உயர்ந்தால் அந்த வரம்பு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும் என்றும் அந்த அமைப்பு கூறுகிறது. சரியாகப் பொருந்தாத முனையை ஈடுகட்ட ஒலியளவை உயர்த்திக்கொண்டே செல்வோருக்கு இந்த இடைவெளி மிக விரைவில் கரைந்துவிடும்.

அளவைத் தேர்வு செய்தல்

பொதுவாகச் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று இணை முனைகள் வழங்கப்படுகின்றன. ஆப்பிள் நிறுவனம் 2019-இல் ஏர்பாட்ஸ் புரோவை மூன்று அளவுகளுடன் அறிமுகம் செய்தது. 2022-இல் வெளியான இரண்டாம் தலைமுறையில் அது நான்காகவும், 2025-இல் வெளியான மூன்றாம் தலைமுறையில் ஐந்தாகவும் உயர்ந்தது. கூடுதலாகச் சேர்க்கப்பட்டவை சிறிய அளவுகளே. குறுகிய காதுத் துளை கொண்டோர் அதுவரை பட்ட அவதியை இதிலிருந்து ஊகிக்கலாம்.

வலது காதும் இடது காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கம் நடுத்தரமும் மறுபக்கம் சிறியதும் பொருத்துவதில் தவறேதும் இல்லை. ஆனால் பலருக்கு இந்த யோசனையே எழுவதில்லை.

பொருத்தத்தைச் சோதிக்கும் வசதியைச் சில நிறுவனங்கள் மென்பொருளிலேயே அளித்துள்ளன. ஐபோனில் ஏர்பாட்ஸ் புரோவுக்கான அமைப்புகள் பக்கத்தில் இச்சோதனையை இயக்கினால், சில விநாடிகள் இசை ஒலித்த பின் இரு காதுகளுக்கும் தனித்தனியே முடிவு காட்டப்படும். சோனி, சாம்சங் நிறுவனங்களின் சில கருவிகளிலும் இத்தகைய சோதனை உண்டு. அவ்வசதி இல்லாதோர், பாடல் ஒலிக்கும்போது இயர்பட்ஸை விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியதும் பாஸ் திடீரெனக் கூடினால், முனை சிறியதாக இருக்கிறது அல்லது சரியாக அமரவில்லை என்று பொருள். மாறாக, அரை மணி நேரத்திலேயே காதில் வலியோ இறுக்கமோ தோன்றினால் முனை பெரிதாக இருக்கிறது.

கழற்றுவதும் பொருத்துவதும்

முனையின் வெளிப்புறக் குடையை மட்டும் பிடித்து இழுத்தால் அது கிழிந்துவிடக்கூடும். குடையைப் பின்புறமாக மடித்து, கருவியுடன் சேரும் அடிப்பகுதியை இரு விரல்களால் பற்றி, நேராக இழுக்க வேண்டும். கை வழுக்கினால் உலர்ந்த துணியால் பிடித்துக்கொள்ளலாம். ஊசி, பிளேடு போன்றவற்றால் நெம்பினால் ஒலி வரும் வாயிலில் உள்ள வலை சேதமடையும்.

புதிய முனையைப் பொருத்தும்போது, அதன் உட்குழாயின் ஒரு பக்கத்தை வாயிலின் விளிம்பில் மாட்டி, பின் சுற்றிலும் அழுத்திக்கொண்டு வருவது எளிது. ஏர்பாட்ஸ் புரோவில் அமைப்பு வேறு: நீள்வட்ட வடிவங்கள் ஒன்றோடொன்று நேராகப் பொருந்தியதும் 'கிளிக்' என்று அமரும். எந்த வகையாயினும், பொருத்திய பின் ஒருமுறை இலேசாக இழுத்துப் பார்ப்பது அவசியம். தளர்வாக இருக்கும் முனை, இயர்பட்ஸை வெளியே எடுக்கும்போது காதுக்குள்ளேயே தங்கிவிடக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் பட்ஸ், ஹேர்பின் கொண்டு துழாவுவது அதை மேலும் உள்ளே தள்ளும். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செல்வதே பாதுகாப்பானது.

காதில் அணிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. காதுத் துளை நேர்க்குழாய் அல்ல, வளைந்தே செல்கிறது. எதிர்க்கையால் காது மடலை மேலும் பின்னும் சற்று இழுத்துப் பிடித்தால் துளை ஓரளவு நேராகும். அப்போது இயர்பட்ஸை மெல்லத் திருகிச் செருகி, மடலை விட்டுவிட வேண்டும்.

சிலிக்கோன் முனை எதுவும் பொருந்தாதவர்கள் ஃபோம் முனைகளை நாடலாம். சோனி 2021-இல் வெளியிட்ட டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்4 இத்தகைய முனைகளுடனேயே வந்தது. இவற்றை விரல்களால் நசுக்கிச் செருகி, காதுக்குள் விரியும்வரை சில விநாடிகள் பிடித்திருக்க வேண்டும். வெளி இரைச்சலை நன்கு தடுத்தாலும், வியர்வையையும் மெழுகையும் உறிஞ்சி விரைவில் தேய்வதால் சில மாதங்களில் மாற்ற நேரிடும். தினமும் பயன்படுத்துவோருக்கு இது தொடர் செலவுதான்.

தனியாக முனை வாங்குவோர் மாடலைச் சரிபார்ப்பது நல்லது. வாயிலின் விட்டமும் வடிவமும் கருவிக்குக் கருவி மாறுபடும். சற்று நீளமான முனை காதில் கச்சிதமாக அமர்ந்தாலும், சார்ஜிங் பெட்டியின் மூடியை மூடவிடாமல் செய்யலாம். அப்போது இயர்பட்ஸ் சார்ஜ் ஏறாமலேயே கிடக்கும். ஏர்பாட்ஸ் புரோவின் முதல், இரண்டாம் தலைமுறை முனைகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், அவற்றின் வலை அடர்த்தி வேறுபடுவதால் உரிய முனைகளையே பயன்படுத்துமாறு ஆப்பிள் அறிவுறுத்தியுள்ளது.

சிலிக்கோன் முனைகளைக் கழற்றி வெறும் தண்ணீரில் அலசலாம். முழுமையாக உலர்ந்த பின்னரே மீண்டும் மாட்ட வேண்டும். வலையில் படிந்த மெழுகை, வாயில் கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் அழுக்கு உள்ளே விழாது. நாளடைவில் தளர்ந்து தொளதொளத்துப்போன முனையைக் கழுவிப் பயனில்லை; புதியதை மாட்ட வேண்டியதுதான்.