இந்தியா வார்ஃப் இருந்த இடம்

திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸைத் தெரியாத சென்னைவாசி இருக்க முடியாது. 1842இல் அதைக் கட்டியவர் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டூடர். தன் ஊர்க் குளங்கள் குளிர்காலத்தில் உறைந்ததும் பனிக்கட்டியைக் குதிரை பூட்டிய கருவியால் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி அனுப்பியவர். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் சரக்கு 180 டன். நாலு மாதம் வெயிலில் மிதந்து ஏறத்தாழ 100 டன் மிச்சமாய்ப் போய்ச் சேர்ந்தது. வால்டன் குளத்து நீரைச் சென்னையில் குடிக்கிறார்கள் என்று தோரோ எழுதிவைத்திருப்பது வெறும் கற்பனை அல்ல, டூடரின் ஆட்கள் அந்தக் குளத்திலும் அறுத்தார்கள். பிற்பாடு விவேகானந்தர் தங்கியதால் இந்தக் கட்டிடத்துக்கு வேறு பெயரும் வேறு வாழ்வும் வாய்த்தன. எனக்கு மட்டும் சிறு வயதிலிருந்தே ஒரு கேள்வி: இதன் மறுமுனை எப்படி இருக்கும்?

சில வருஷங்களுக்கு முன் பாஸ்டனில் இரண்டு மாதம் தங்க நேர்ந்தபோது நான் முதலில் தேடிப்போனது இந்தியா வார்ஃபைத்தான். டூடரின் ஐஸ் பெரும்பாலும் சார்ல்ஸ்டவுன் பக்கத்துத் துறைகளிலிருந்து கிளம்பியது என்பது தெரியும். ஆனால் இந்தப் பெயர் என்னை இழுத்தது. சார்ல்ஸ் புல்ஃபின்ச் வரைந்து, 1803க்கும் 1807க்கும் இடையில் கடலுக்குள் நீண்ட துறை; அதன் மேல் செங்கல் கிடங்குகளின் நீண்ட வரிசை. புல்ஃபின்ச் ரசனையால் கட்டிடக் கலைக்கு வந்த பணக்கார வீட்டுப் பிள்ளை. ஒரு வீட்டு வரிசையைக் கட்டுகிறேன் என்று முதலைப் போட்டு 1796இல் திவாலானார். அதன் பிறகே வயிற்றுப்பாட்டுக்கு இந்தத் தொழில். கிடங்குக்குக்கூட ஒரு முகம் வேண்டும் என்று நினைத்தவர்.

அந்த முகம் இப்போது இல்லை. 1868இல் அட்லாண்டிக் அவென்யூ போடுவதற்காக வரிசையை நடுவில் அறுத்தார்கள். எஞ்சியதை 1962இல் இடித்தார்கள். இப்போது அங்கே இருப்பவை நாற்பது மாடிக் கான்கிரீட் கோபுரங்கள் இரண்டு, ஐ.எம். பேயின் அலுவலகத்தில் ஹென்றி காப் வரைந்து 1971இல் முடிந்தவை. மூன்றாவதும் திட்டத்தில் இருந்தது, எழும்பவில்லை. கோபுரங்களின் முகவரியில் மட்டும் 'ஈஸ்ட் இந்தியா ரோ' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. காற்று பலமாக அடித்த ஒரு மதியத்தில் அதன் கீழே நின்றேன். துக்கம் வரவில்லை. எதற்காக வர வேண்டும் என்றும் தெரியவில்லை. நான் பார்த்திராத ஒன்றை இழந்ததாகப் பாவனை செய்வது நம் எழுத்தில் ஏற்கெனவே போதிய அளவு நடக்கிறது.

இந்த ஊரில் கடலே இடம் மாறியிருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேயர் வந்து இறங்கியபோது 800 ஏக்கருக்கும் குறைவான ஒரு தீபகற்பம், அதை நிலத்தோடு பிணைத்த ஒரு ஒல்லியான கழுத்து, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கொட்டி நிரப்பிய மண். 1847இல் முடிந்த சுங்க மாளிகை நீர் விளிம்பில் நின்றது. கிரேக்கக் கோயில் மாதிரி, 36 டோரிக் தூண்கள். ஒவ்வொன்றும் 42 டன் எடையுள்ள ஒரே கருங்கல். அம்மி யங் என்பவர் வரைந்தது. இன்று அங்கிருந்து கடலுக்குச் சில தெருக்கள் நடக்க வேண்டும். அதன் தலைமேல் 1915இல் 496 அடிக்கு ஒரு கோபுரத்தை ஏற்றினார்கள். ஊருக்குள் 125 அடிக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதி மத்திய அரசுக் கட்டிடத்தைக் கட்டுப்படுத்தாதாம்! கோயிலின் மேல் மணிக்கூண்டு. விகாரம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் ஊர்க்காரர்கள் அதன் மேல் பிரியமாக இருக்கிறார்கள். அரசு போய் இப்போது உள்ளே விடுதி அறைகள்.

பாதுகாத்தல் என்பதைப் பற்றி நமக்கு இருக்கிற எளிய பக்தியை இந்த ஊர் கொஞ்சம் ஆட்டிவிடும். ஜான் ஹான்காக்கின் கல்வீட்டை 1863இல் இடித்துவிட்டார்கள். சுதந்திரப் பிரகடனத்தில் முதல் கையெழுத்துப் போட்டவரின் வீடு. அந்த வெட்கத்தின் பலனாகப் பழைய அரசு மாளிகை பிழைத்தது. 1713இல் கட்டியது, 1770இல் அதன் வாசலில்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஜனங்களைச் சுட்டார்கள். அதன் உச்சியில் இருந்த சிங்கத்தையும் ஒற்றைக்கொம்புக் குதிரையையும், அரச சின்னங்கள் என்பதால், 1776இல் இறக்கி நெருப்பில் போட்டார்கள். 1882இல் கட்டிடத்தைப் புதுப்பித்தபோது அவற்றின் பிரதிகளைச் செய்து மறுபடி ஏற்றிவிட்டார்கள். புரட்சியின் நினைவிடத்தில் புரட்சி எரித்த பொம்மைகள். அடித்தளத்தில் சுரங்க ரயில் நிலையம். ஆக, நாம் பார்ப்பது 1713ஆ, 1776ஆ, 1882ஆ? பழமை என்று நாம் சொல்வது பெரும்பாலும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு வருஷத்தில், எடுத்த முடிவு.

குவின்ஸி மார்க்கெட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1826இல் அலெக்ஸாண்டர் பாரிஸ் கட்டிய கருங்கல் சந்தை, அழகு. 1976இல் புதுப்பித்துத் திறந்தார்கள், அமெரிக்காவில் பல ஊர்கள் அதைப் பார்த்துத் தங்கள் பழைய சந்தைகளையும் துறைகளையும் கடைவீதி ஆக்கின. கல் காப்பாற்றப்பட்டது. காய்கறியும் இறைச்சியும் விற்றவர்கள் போய்விட்டார்கள்.

நான் சொல்ல வந்தது நகர மன்றக் கட்டிடத்தைப் பற்றி. கான்கிரீட் முரட்டுத்தனத்தைப் பற்றிப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு மோசமாக எழுதியிருக்கிறேன். நண்பர்கள் மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. 1962 போட்டியில் 256 திட்டங்களிலிருந்து தேர்ந்தது இது. கெர்ஹார்ட் கால்மன், மைக்கேல் மக்கின்னெல் என்று இரண்டு பேர். கால்மன் பெர்லினில் பிறந்து, நாஜிகளின் காலத்தில் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா வந்தவர். இதற்கு இடம் பண்ணுவதற்காக ஸ்கோலி ஸ்கொயர் என்ற ஒரு முழுப் பேட்டையைத் தரைமட்டமாக்கினார்கள்: நாடகக் கொட்டகைகள், மதுக்கடைகள், மாலுமிகள் திரிந்த சந்துகள். பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன கார்ன்ஹில் தெருவும் போயிற்று. அடிமை முறைக்கு எதிராகக் கேரிஸன் நடத்திய 'லிபரேட்டர்' இதழின் அலுவலகம் அந்தத் தெருவில்தான் இருந்தது. அதன் வளைவைச் சுமந்துகொண்டு 1816ஆம் வருஷத்துச் செங்கல் கட்டிடம் ஒன்று மட்டும் ஓரத்தில் தப்பி நிற்கிறது. சிறுபத்திரிகைக்காரனுக்கு இந்த அழிவு பொறுக்காது, எனக்கும் பொறுக்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் உள்ளே போனேன்.

வெளியே செங்கல் தளம், சமவெளி மாதிரி விரிந்தது. அதே செங்கல் கதவுக்குள்ளும் நுழைந்து, படிகளாகி, மேடாகி ஏறுகிறது. தெரு நிற்காமல் அரசாங்கத்துக்குள் வந்துவிட்டது போல. அதன் மேல் நடுப்பகுதியில் மேயரின் அறையும் சபைக் கூடமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெருவில் போகிறவன் கைகாட்டிச் சொல்லலாம். அதற்கும் மேலே குமாஸ்தாக்களின் அடுக்குகள், ஒரே மாதிரி வார்த்த கான்கிரீட் சட்டங்களில். பலகை அச்சின் வரிகள் சுவரில் அப்படியே இருக்கின்றன, பூச்சு இல்லை, மறைப்பு இல்லை. வரி கட்ட வந்த ஒரு கிழவி என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டாள். இதைத்தான் அவர்கள் விரும்பினார்களோ என்னவோ. நான் இந்தக் கட்டிடத்தை விரும்புகிறேன் என்பதை அந்த நிமிஷத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, சங்கடத்தோடுதான். ஸ்கோலி ஸ்கொயரை மன்னிக்கிறேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டியிருக்கிறது.

2006இல் ஒரு மேயர் இதை விற்றுவிட்டு வேறிடத்தில் கட்டலாம் என்றார். நடக்கவில்லை. 2025இல் அதே நகரம் இதைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவித்தது. கொன்றவனே புராதனமாகிவிட்டான்.

ஹான்காக் பெயரில் ஒரு காப்பீட்டுக் கம்பெனி கட்டிய கண்ணாடிக் கோபுரம் இன்னொரு கதை. இதுவும் ஹென்றி காப் வரைந்ததுதான். 60 மாடி. 1973 ஜனவரியில் அடித்த காற்றில் கண்ணாடிகள் விழ ஆரம்பித்தன. இரட்டைக் கண்ணாடியை இணைத்த ஈயப் பற்று நெகிழ்வில்லாமல் இறுகிப்போனதுதான் கோளாறு. 10,344 கண்ணாடிகளையும் மாற்றினார்கள், அதுவரை கோபுரம் ஒட்டுப்பலகை உடுத்தி நின்றது. அஸ்திவாரம் தோண்டியபோதே பக்கத்திலிருந்த டிரினிட்டி தேவாலயம் அசைந்து விரிசல் கண்டது. ரிச்சர்ட்சன் 1877இல் முடித்த கனமான, ஆண்மையான கல் கட்டிடம் அது. வழக்கு 1987இல் தேவாலயத்தின் பக்கம் தீர்ந்தது.

அந்தத் தேவாலயம் நிற்பது கல்லின் மேல் அல்ல. பேக் பே என்ற அந்தப் பகுதி முழுக்க 1858 முதல் ரயிலில் சரளை கொண்டுவந்து தூர்த்த உப்பங்கழி. டிரினிட்டிக்கு அடியில் சுமார் 4,500 மரக் கம்பங்கள். நீரில் மூழ்கியிருக்கும் வரை மரம் உளுக்காது. நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் அழுக ஆரம்பிக்கும். சாக்கடைகளும் சுரங்கப் பாதைகளும் நீரை உறிஞ்சிவிடாமல் இருக்கிறதா என்று பார்க்கவே 1986இல் ஓர் அமைப்பை ஏற்படுத்தியிருக்கிறார்கள். நடைபாதைகளில் கவனித்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான இரும்பு மூடிகள் தெரியும். அவற்றைத் திறந்து, அளவு நாடாவை இறக்கி, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போகிறார்கள்.