மருதமடு: அடைக்கலம் தந்த காடு

மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மடு வீதிச் சந்தி என்றோர் இடம் உண்டு. அங்கிருந்து வடக்கே பிரியும் பாதை, பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காட்டினூடே பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நீண்டு செல்கின்றது. இவ்வழியே முதன்முறை செல்லும் யாத்திரிகன், இத்தகைய காட்டில் பெருங்கோயில் ஒன்று இருத்தல் கூடுமோ என ஐயுறுவான். அவ்வையம் தோன்றி மறையுமுன்னரே காடு விலக, பரந்த வெளியும் அதன் நடுவே உயர்ந்து நிற்கும் ஆலய முகப்பும் அவன் கண்முன் தோன்றும். அதுவே மருதமடு மாதா திருத்தலம்.

பெருங்கோயில்கள் பொதுவாகத் துறைமுகங்களிலும் தலைநகரங்களிலும் செல்வம் கொழிக்கும் ஊர்களிலுமே எழுவன. இலங்கைக் கத்தோலிக்கரின் தலையாய யாத்திரைத் தலமோ நகரும் துறையும் இல்லாத வன்னிக் காட்டில் அமைந்துள்ளது. இது தற்செயலாக நேர்ந்ததன்று. மடுவின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வினாவுக்கான விடையே எனலாம்.

மருதமரமும் ஆழ்ந்த நீர்நிலையும் சேர்ந்த இடம் என்பது மருதமடு என்னும் பெயரின் பொருள். வறண்ட நாட்டில் நீரும் நிழலும் ஒருங்கே கிடைக்கும் இடத்தில் வழிப்போக்கர் தங்குதல் இயல்பு. இங்கு முதலில் தங்கியவர்களோ வழிப்போக்கர் அல்லர், வீடிழந்து ஓடிவந்தவர்கள். அவர்கள் ஏன் ஓடிவந்தனர் என்பதை அறிய, மடுவிலிருந்து மேற்கே, மன்னார்க் கரையோரத்தின் பழைய கதைக்குச் செல்லல் வேண்டும்.

1544 ஆம் ஆண்டில், தென்னிந்தியக் கரையில் மறைபரப்பிய புனித பிரான்சிஸ் சவேரியாரை மன்னார் மக்கள் தம்மிடம் வருமாறு வேண்டினர். அவர் தம் சார்பில் குரு ஒருவரை அனுப்பினார். பலர் ஞானஸ்நானம் பெற்றனர். யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னன் இதனை வெறும் மதமாற்றமாகக் கொள்ளவில்லை. கடலில் வலிமை பெற்றுவந்த போர்த்துக்கேயருக்குத் தன் குடிகள் அடங்கிப் போவதற்கான முதற்படியாகவே கண்டான். அவன் ஆணையால் ஏறத்தாழ அறுநூறு பேர் கொல்லப்பட்டனர் என்பது வழிவழி வரும் கணக்கு. 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர்; 1619 இல் யாழ்ப்பாண அரசும் அவர்கள் வசமாயிற்று.

ஆட்சி மாறியபோது துன்பம் ஒழிந்துவிடவில்லை, துன்புறுவோரே மாறினர். 1621 இல் பிலிப்பு தெ ஒலிவேறா என்னும் போர்த்துக்கேயத் தளபதி நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். வேறு பல சைவ ஆலயங்களும் அவ்வாறே வீழ்ந்தன. மடுவின் கதையைச் சொல்வோர் இதனை மறைத்துச் சொல்லலாகாது. வரலாறு ஒரு சாராரின் கண்ணீரை மட்டும் எண்ணிக் கணக்கை முடிப்பதன்று.

1658 இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிப் போர்த்துக்கேயரை வெளியேற்றினர். அவர்களும் கிறிஸ்தவரே, ஆயினும் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்க மதத்தை அவர்கள் போர்த்துக்கேய அரசியலின் நிழலாகவே கருதினர். குருமார் நாடுகடத்தப்பட்டனர், குருவுக்கு மறைவிடம் அளிப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆலயங்கள் பறிக்கப்பட்டுச் சீர்திருத்தச் சபையின் கோயில்களாகவும் பள்ளிகளாகவும் மாற்றப்பட்டன. பிறப்பும் திருமணமும் பள்ளிப் பதிவேட்டில் எழுதப்பட்டால்தான் சட்டம் அவற்றை ஏற்றது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரிடம் குற்றப்பணம் அறவிடப்பட்டது. கல்வி அறிவை வளர்ப்பதற்கன்றி மனச்சான்றை வளைப்பதற்குப் பயன்பட்ட காலம் அது. வெளியே சீர்திருத்தச் சபையினராக நடந்து, வீட்டினுள் இரவில் செபமாலை சொல்லியோர் பலர்.

அவ்வாறு இரட்டை வாழ்வு வாழ மனமொவ்வாதோர் ஊரைவிட்டு வெளியேறினர். மன்னாருக்கு எதிரே, பெருநிலப்பரப்பின் கரையில் உள்ள பழந்துறை மாந்தை. சைவர்கள் போற்றும் திருக்கேதீச்சரம் அமைந்த மாதோட்டமும் அதுவே. அங்கிருந்த கத்தோலிக்க ஆலயத்தில் தேவமாதாவின் திருச்சொரூபம் ஒன்று வணங்கப்பட்டு வந்தது. 1670 ஆம் ஆண்டளவில் மாந்தையைச் சேர்ந்த இருபது குடும்பங்கள் அச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் புகுந்தன என்றும், ஊர் ஊராய் அலைந்து ஈற்றில் மருதமடுவில் தங்கின என்றும் திருத்தல மரபு கூறும். யாழ்ப்பாணப் பகுதியிலிருந்து ஏறத்தாழ எழுநூறு பேர் வன்னிக்குள் வந்தனர் என்பதும் அம்மரபே. அவர்களுள் போர்த்துக்கேயத் தளபதி ஒருவரின் மகளான எலேனா என்னும் பெண்மணி இங்கு முதற் சிற்றாலயத்தை எழுப்பினார் என்றும், அவர் பெயராலேயே இவ்விடம் சிலேன மருதமடு எனப்பட்டது என்றும் சொல்வர். வீட்டையும் நிலத்தையும் விட்டுவந்தவர்கள் கையோடு கொண்டுவந்தது அந்தச் சிறு சொரூபம் ஒன்றையே.

அவர்கள் காட்டைத் தேர்ந்தமைக்குத் தக்க காரணம் இருந்தது. ஒல்லாந்தரின் வலிமை கோட்டைகளையும் கரையோரத்தையும் சார்ந்தது. வன்னிச் சிற்றரசர் அவர்களுக்கு யானைகளைத் திறையாகச் செலுத்த உடன்பட்டனரேனும், காட்டுக்குள் கம்பனியாரின் ஆணை எளிதில் செல்லவில்லை. காய்ச்சலும் காட்டு விலங்கும் படைவீரரைத் தடுத்தன. அவையே அகதிகளுக்கு அரணாயின. தென்பால் விரிந்திருந்த கண்டி அரசோ ஒல்லாந்தரின் அதிகாரத்துக்கு உட்படாதது. பௌத்த மன்னர் ஆண்ட அந்நாட்டில் கத்தோலிக்கர் குடியிருக்க இடம் பெற்றனர்.

இக்காலத்தில் குருவின்றித் தவித்த மக்களைத் தேடி, 1687 இல் கோவையிலிருந்து ஒருவர் வந்தார். அவரே யோசேவாஸ் அடிகளார். கூலியாள் போல வேடந்தாங்கி யாழ்ப்பாணம் வந்து, ஒல்லாந்தர் கண்ணில் படாமல் இல்லந்தோறும் சென்று மறைப்பணி புரிந்தார். 1692 இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் என ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டார். நாளடைவில் இரண்டாம் விமலதருமசூரிய மன்னன் அவரது தூய வாழ்வை உணர்ந்து, நாட்டில் தடையின்றி நடமாட விட்டான். 1697 இல் கண்டியில் அம்மைநோய் பரவியபோது, சாதி சமயம் பாராது நோயாளரைத் தூக்கிப் பேணினார் அடிகளார். அவரும் பின்வந்த குருமாரும் காட்டுவழிகளிலே நடந்து, சிதறிக் கிடந்த சிறு சிறு குடியிருப்புகளை ஒரு சபையாக இணைத்தனர். 1711 இல் அவர் கண்டியிலேயே உயிர்நீத்தார்.

1796 இல் கரையோரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகள் 1806 இல் நீக்கப்பட்டன. ஒளிந்து வாழவேண்டிய தேவை ஒழிந்தபோது, ஒளிவிடமாயிருந்த மடு மறக்கப்பட்டிருக்கலாம். மக்களோ அதனை விட்டு நீங்கவில்லை. முன்னோர் அச்சத்தோடு ஓடிய வழியிலே பின்னோர் நன்றியோடு நடந்தனர். யாழ்ப்பாண மேற்றிராணியாராயிருந்த பொன்ஜீன் ஆண்டகை 1872 இல் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1914 இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட பின், தூரத்து ஊர்களிலிருந்து வருவோர் தொகை பெருகிற்று. 1924 யூலை 2 ஆந் திகதி, பாப்பரசரின் பிரதிநிதியால் மாதாவின் சொரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது. 1944 இல் ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது.

யூலை 2 ஆந் திகதி, மரியாள் தம் உறவினளாகிய எலிசபெத்தைக் காண மலைநாட்டுக்குப் பயணப்பட்டதைக் கத்தோலிக்கர் நெடுங்காலம் நினைவுகூர்ந்த நாள். பயணத்தாற் பிறந்த தலத்துக்குப் பயணத் திருநாளே பெருவிழாவாக வாய்த்தமை பொருத்தமுடையது. ஓகஸ்ட் 15 ஆந் திகதியும் இங்கு பெருந்திரள் கூடும். நீர்கொழும்பு, சிலாபம் முதலிய கரைகளிலிருந்து சிங்களக் கத்தோலிக்கரும், யாழ்ப்பாணம், மன்னார், வன்னிப் பகுதிகளிலிருந்து தமிழ்க் கத்தோலிக்கரும் வந்து மரநிழலிற் கூடாரம் அமைத்துத் தங்குவர். ஒரு கூடாரத்தில் தமிழ்ச் செபமும் அடுத்த கூடாரத்தில் சிங்களச் செபமும் ஒலிக்கும். நெருப்புக்குச் சுள்ளி கேட்பதற்கு மொழி தடையாவதில்லை. சைவரும் பௌத்தரும் நேர்த்தி வைத்து வருகின்றனர். மடு மண் பாம்புக்கடியிலிருந்து காக்கும் என்னும் நம்பிக்கையால், அம்மண்ணில் ஒரு பிடி எடுத்துச் செல்லாதவர் சிலரே. பகைவனிடமிருந்து காத்த காடு நஞ்சினின்றும் காக்கும் என மக்கள் எண்ணியதில் வியப்பில்லை.

இத்தகைய இடத்தின் பழைய பண்பு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் சோதிக்கப்பட்டது. 1990 இல் போர் மூண்டபோது பல்லாயிரம் மக்கள் வீடிழந்து மடு வளவில் வந்து தங்கினர். யாத்திரிகர் சில நாள் தங்கிய மரநிழலில் அகதிகள் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். பிள்ளைகள் அங்கே பிறந்து அங்கேயே எழுத்தறிந்தனர். படைகள் எதுவாயினும் மாதாவின் எல்லைக்குள் குண்டு விழாது என்று அவர்கள் நம்பினர். 1999 நவம்பர் 20 ஆந் திகதி இரவு அந்நம்பிக்கை சிதைந்தது. எறிகணைகள் வளவில் வீழ்ந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அவர்களுட் சிறுவரும் இருந்தனர். போரிட்ட இரு சாராரும் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தினர். இறந்தோர் ஆலய நிழலைத் தவிர வேறு கேடயம் இல்லாதவர்கள்.

2008 ஏப்பிரலில் போர் மடுவை மிக நெருங்கியது. வளவிலிருந்த மக்கள் வெளியேறியிருந்தனர். குருமார் மாதாவின் சொரூபத்தைப் பீடத்திலிருந்து இறக்கி, கரையோரத்தில் உள்ள தேவன்பிட்டி ஆலயத்துக்குக் கொண்டு சென்றனர். 1670 இல் மக்கள் சொரூபத்தோடு கடற்கரையை விட்டுக் காட்டுக்கு ஓடினர். முந்நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளின் பின் அதே சொரூபம் காட்டை விட்டுக் கடற்கரைக்குச் சென்றது. அடைக்கலம் தந்த தாய் தானே அடைக்கலம் தேடிய நாள் அது. சில மாதங்களின் பின், அவ்வாண்டிலேயே சொரூபம் மடுவுக்குத் திரும்பிற்று.

போர் 2009 இல் முடிந்தது. 1990 இலிருந்து தடைப்பட்டிருந்த புகையிரதம் 2013 இல் மீண்டும் மடு வீதி நிலையத்தை எட்டியது. 2015 சனவரி 14 ஆந் திகதி காலை, பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத்திடலில் யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். அவரைக் காணக் கூடியோருள் பிள்ளையை இழந்த தாய்மார் தமிழரிலும் இருந்தனர், சிங்களவரிலும் இருந்தனர்.

மடு ஆலயத்தின் முகப்பைக் கண்டு மகிழ்ந்து திரும்புவோர் இவ்வரலாற்றையும் உடன்கொண்டு செல்லுதல் நன்று. ஒரு மதத்தவர் அதிகாரம் பெற்றபோது பிறர் கோயிலை இடித்தனர். அவர்களே அதிகாரம் இழந்தபோது காட்டுக்கு ஓடினர். ஓடியவர்களைத் தாங்கியது வன்னிக் காடு. வாழ விட்டது பௌத்த மன்னரின் நாடு. அவ்வாறு பெற்ற அடைக்கலத்தை அத்தலம் பிற்காலத்தில் எல்லார்க்கும் வழங்கிற்று. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எவரும் கோயில் எழுப்பலாம். அதனை அடைக்கலமாகக் காப்பது அதன் மதிலுக்கு வெளியே நிற்போரின் கடனும் ஆகும். அக்கடனை மறந்ததற்கு 1999 இன் அந்த இரவு சான்று. காட்டுப் பாதையில் இன்றும் நடந்து வரும் யாத்திரிகர் கூட்டமோ, அக்கடன் இன்னும் செலுத்தப்படலாம் என்பதற்குச் சான்று.