காற்று என்று பெயர் பெற்ற நோயும் கழுத்துத் தமனியின் வரலாறும்

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரின் டத்தோ கிராமாட் பகுதியில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அண்டை அயலாராக வாழ்ந்து வருகின்றனர். இம்மூவர் தாய்மொழிகளும் மூன்று வேறு மொழிக் குடும்பங்களைச் சார்ந்தவை. ஆயினும், ஒரு நோய்க்குப் பெயரிட்ட வகையில் மூவரும் ஒருமித்து நிற்கின்றனர். கையும் காலும் ஒரு பக்கமாகச் செயலற்று, வாய் கோணி, நாக் குழறி மனிதனைக் கிடத்திவிடும் அந்நோயை மலாய் மொழி ‘அங்கின் அஹ்மார்’ என்கிறது. ‘அங்கின்’ என்பது காற்று. ‘அஹ்மார்’ என்பது செம்மையைக் குறிக்கும் அரபுச் சொல். எனவே அது ‘செங்காற்று’ ஆகும். சீனர் அதனை எழுதும் சொல்லுக்குக் ‘காற்றினால் தாக்குண்டமை’ என்பது பொருள். தமிழரோ ‘பாரிச வாயு’ என்றும் ‘பக்கவாதம்’ என்றும் கூறுவர். வாயுவும் வாதமும் காற்றே அன்றோ? வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் உடலின் மூன்று கூறுகளைச் சுட்டும்போது வளியையே முதலாக வைத்தார். அம்மரபின் வழியே நம் முன்னோர் இந்நோயை வளியின் சீற்றமாகக் கொண்டனர்.

காற்று கண்ணுக்குத் தெரியாது. எத்திசையிலிருந்து எப்போது வீசும் என்று அறிய இயலாது. நோயின் தன்மையும் அவ்வாறே இருந்தமையால் அப்பெயர் பொருந்துவதாயிற்று. கிரேக்கர் இதனை ‘அடித்து வீழ்த்தப்படுதல்’ என்ற பொருளுடைய சொல்லால் குறித்தனர். ஆங்கிலேயர் வழங்கும் ‘ஸ்ட்ரோக்’ என்பதற்கும் அடி என்பதே பொருள். ஆனால், இந்நோய் உண்மையிலேயே எதிர்பாராது வந்து தாக்குவதுதானா? இவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகிற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. அவ்விடை தலையில் மட்டுமன்றிக் கழுத்திலும் கிடைத்தது என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதியாகும்.

உறக்கத்தின் பெயர் பெற்ற தமனி

குரல்வளையின் இரு மருங்கிலும் விரலை வைத்தால் துடிப்பொன்று உணரப்படும். அதுவே கரோட்டிட் எனப்படும் கழுத்துத் தமனி. பக்கத்துக்கு ஒன்றாக உள்ள இவ்விரண்டும், குரல்வளையின் மேல் விளிம்பை ஒட்டிய உயரத்தில் தனித்தனியே இரு கிளைகளாகப் பிரிகின்றன. புறக்கிளை முகத்துக்கும், அகக்கிளை மூளைக்கும் கண்ணுக்கும் இரத்தம் கொண்டு செல்லும். பிடரிப் பக்கத்தில் முதுகெலும்பை ஒட்டி ஏறும் வேறிரு தமனிகளும் மூளைக்கு உண்டு.

‘கரோட்டிட்’ என்ற பெயர் ஆழ்ந்த மயக்க உறக்கத்தைக் குறிக்கும் ‘காரோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. இத்தமனிகளை அழுத்தினால் மனிதன் உணர்விழப்பான் என்று பண்டையோர் கருதியமையால் இப்பெயர் அமைந்தது என எபேசு நகரத்து ரூபஸ் என்னும் மருத்துவர் விளக்கினார். கழுத்துக்கும் அறிவுக்கும் தொடர்பு உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அத்தொடர்பு எத்தகையது என்பது மட்டும் அவர்களுக்கு விளங்கவில்லை.

பிணத்தை அறுத்து அறிந்த உண்மை

1658-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் யோகான் யாக்கோப் வெப்பர் என்னும் மருத்துவர், இந்நோயால் இறந்தோரின் உடலை அறுத்து ஆராய்ந்த முடிவுகளை நூலாக வெளியிட்டார். மூளைக்குள் இரத்தம் கசிவதாலும், மூளைக்குச் செல்லும் தமனி அடைபடுவதாலும் இந்நோய் உண்டாகலாம் என்பது அவர் கண்ட முடிவு. காற்று என்று கருதப்பட்டது இரத்தம் பற்றிய செய்தியாக மாறிய காலம் அதுவே.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1664-இல், ஆக்ஸ்போர்டு அறிஞர் தாமஸ் வில்லிஸ் மூளையின் அமைப்பைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். அதற்குப் படம் வரைந்தோருள் ஒருவர், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். வயிற்று நோயால் இறந்த ஒருவருடைய கழுத்துத் தமனியொன்று அடைபட்டுக் கிடப்பதை வில்லிஸ் கண்டார். எனினும், அவர் உயிரோடிருந்த காலத்தில் பக்கவாதம் அவரை அணுகவில்லை. காரணம் யாது? கழுத்துத் தமனிகளும் பிடரித் தமனிகளும் மூளையின் அடியில் ஒன்றோடொன்று கூடி வளையமாக அமைந்துள்ளன. ஒரு வாய்க்கால் தூர்ந்தாலும் மற்றொன்றின் நீர் வயலுக்குப் பாய்வது போல, ஒரு தமனி அடைபட்டாலும் மற்றவை ஈடுசெய்யக் கூடும். இன்றும் அவ்வமைப்பு ‘வில்லிஸ் வளையம்’ என்றே வழங்கப்படுகிறது. அடைப்புடைய அனைவர்க்கும் நோய் வருவதில்லை என்ற பேருண்மை இங்கே முதன்முதல் தெளிவாயிற்று. பிற்காலத்தில் எழுந்த பெரும் வாதங்களுக்கெல்லாம் இதுவே வித்து.

1805-இல் லண்டன் மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், கழுத்துத் தமனியில் உண்டான இரத்த வீக்கமொன்றுக்காக அத்தமனியைக் கட்டினார், நோயாளி இறந்தார். 1808-இல் மீண்டும் முயன்றார். இம்முறை நோயாளி பிழைத்து மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். கழுத்துத் தமனியை அறுவை மருத்துவர் தொடலாம் என்ற துணிவு அன்று பிறந்தது. ஆயினும் அது கட்டி மூடும் கலையே. அடைப்பை நீக்கித் திறக்கும் கலை அன்று.

எச்சரிக்கையை உணர்ந்தவர்

உயிருள்ள மனிதனின் தமனியைக் காண வழியின்றி மருத்துவம் மேற்செல்ல இயலவில்லை. அவ்வழியை 1927-இல் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் ஏகாஸ் மோனிஸ் கண்டார். எக்ஸ்ரே கதிருக்கு நிழல் தரும் மருந்தைக் கழுத்துத் தமனியில் செலுத்தி மூளையின் இரத்தக் குழாய்களைப் படமாக எடுத்தார்.

அடுத்த அடி எடுத்து வைத்தவர் கனடா நாட்டின் மில்லர் பிஷர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை மருத்துவராகச் சென்ற அவர், 1941-இல் தம் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதால் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மூன்றரை ஆண்டுகள் கழித்தார். போருக்குப் பின் மாண்ட்ரியல் நகரில் பணியாற்றியபோது, பக்கவாத நோயாளிகள் கூறியதைப் பொறுமையுடன் செவிமடுத்தார். பெரிய தாக்குதலுக்கு முன் சில நிமிடங்கள் கை மரத்ததாகவும், பேச்சுத் தடைப்பட்டதாகவும், ஒரு கண்ணின் பார்வை திரையிட்டாற்போல் மறைந்து மீண்டதாகவும் சிலர் கூறினர். இறந்தோரின் கழுத்தை அறுத்துப் பார்த்தபோது, தமனி இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகியிருந்தது. 1951-இல் அவர் எழுதிய கட்டுரை, தலையில் தோன்றும் நோய்க்கு மூலம் கழுத்தில் இருக்கக் கூடும் என்று நிறுவியது. அடைபட்ட பகுதியைக் கடந்து இரத்தம் செல்ல அறுவை மருத்துவம் ஒருநாள் வழி காணும் என்றும் அதில் அவர் கூறியிருந்தார்.

‘திடீரெனத் தாக்கும் காற்று’ என்ற கருத்து இதனால் ஆட்டம் கண்டது. பலருக்கு இந்நோய் ஆண்டுக்கணக்கில் கழுத்தில் வளர்ந்து, தூதனுப்பிய பின்னரே வருகிறது. அத்தூதரை அடையாளம் காணாதது மனிதரின் குறையே.

மூன்று நாடுகள், மூன்று அறுவைகள்

பிஷர் கூறியது விரைவிலேயே நிறைவேறிற்று. 1951 அக்டோபரில் அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் நகரில் கரேயா என்பாரும் அவர் தோழரும், பக்கவாதம் கண்ட ஒருவரின் கழுத்துத் தமனியில் கெட்ட பகுதியை வெட்டி நீக்கிப் புறக்கிளையை அகக்கிளையோடு இணைத்தனர். 1953 ஆகஸ்டு 7-ஆம் நாள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி, 53 வயதுடைய பேருந்து ஓட்டுநர் ஒருவரின் தமனியைத் திறந்து, உட்படிந்த கொழுப்புப் படலத்தை உரித்தெடுத்தார். தமனியின் உட்படலத்தை உரிக்கும் இம்முறையை 1946-இல் லிஸ்பன் மருத்துவர் சிட் டோஸ் சாண்டோஸ் தொடங்கி வைத்திருந்தார். அவ்வோட்டுநர் அதன்பின் பக்கவாதமின்றி 19 ஆண்டுகள் வாழ்ந்து, இதய நோயால் இறந்தார்.

உலகின் கவனத்தை ஈர்த்தது மூன்றாவது அறுவை. 1954 மே 19-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஈஸ்ட்காட், ராப் என்னும் அறுவை மருத்துவர்கள், மருத்துவர் பிக்கரிங்கின் நோயாளியான 66 வயது மாது ஒருவருக்கு அதனைச் செய்தனர். சில மாதங்களில் அவருக்குச் சிறு தாக்குதல்கள் 33 முறை வந்து வந்து மறைந்திருந்தன. தமனியை அடைத்து வைக்கும் நேரத்தில் மூளை பட்டினியால் கெடாதிருக்க, பனிக்கட்டியால் அவர் உடலை 28 பாகை வரை குளிர்வித்தனர். இரத்த ஓட்டம் தடைப்பட்டது 28 நிமிடம். குறுகிய பகுதி வெட்டப்பட்டு, தமனி மீண்டும் இணைக்கப்பட்டது. சிறு தாக்குதல்கள் அதனோடு நின்றன. முதலில் செய்தவர் யார் என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. அறிவு முதிர்ந்த காலத்தில் பல நாட்டாரும் ஒரே கனியைப் பறிக்கக் கை நீட்டுவர் என்பதற்கு இது தக்க சான்று.

எண்கள் அளித்த தீர்ப்பு

வெற்றி பரவப் பரவ வேகமும் மிகுந்தது. 1980-களின் நடுவில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 1 இலட்சம் பேருக்கு மேல் இவ்வறுவை செய்யப்பட்டது. அப்போது ஒரு வினா எழுந்தது. பக்கவாதத்தைத் தடுக்கச் செய்யும் இவ்வறுவையே சிலருக்குப் பக்கவாதத்தை விளைவிக்கிறது. கத்தி பட்டு உதிரும் துகளொன்று மூளைக்குச் சென்றால் போதும், தடுக்க வந்த தீமை அப்போதே நேர்ந்துவிடும். அங்ஙனமாயின் நன்மை மிகுதியா, தீமை மிகுதியா?

கனடா நாட்டு ஹென்றி பார்னெட் தலைமையில் நடந்த ஆய்வு 1991-இல் இதற்கு விடை பகர்ந்தது. அண்மையில் எச்சரிக்கைத் தாக்குதலோ சிறிய பக்கவாதமோ கண்டு, நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் தமனி குறுகியிருந்த 659 பேர் இரு குழுவினராகப் பிரிக்கப்பட்டனர். மருந்து மட்டும் உண்டோருள் இரண்டு ஆண்டில் நூற்றுக்கு 26 பேருக்கு அப்பக்கத்துப் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டோருள் நூற்றுக்கு 9 பேருக்கே வந்தது. அறுவையின்போதும் அடுத்த 30 நாளிலும் நேர்ந்த இடர்களும் இந்த 9-இல் அடங்கும். அஃதாவது, ஆறு பேருக்கு அறுவை செய்தால் ஒருவர் பக்கவாதத்தினின்று தப்புகிறார்.

எச்சரிக்கை ஏதும் காணாதோர் நிலை வேறு. 1995-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஐந்தாண்டுக் கால இடர் மருந்துக் குழுவில் நூற்றுக்கு 11 ஆகவும் அறுவைக் குழுவில் 5 ஆகவும் கணிக்கப்பட்டது. நன்மை உண்டு, ஆனால் சிறிது. இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் குறைக்கும் மருந்துகள் பிற்காலத்தில் மேம்பட்டமையால் அந்நன்மை மேலும் சுருங்கியது. வில்லிஸ் கண்ட மனிதரைப் போல, அடைப்போடும் நலமாக வாழ்வோர் பலர் உளர். எனவே குறுகிய தமனியைக் கண்டவுடன் கத்தியை எடுத்தல் அறிவுடைமை ஆகாது.

காலமும் ஒரு மருந்து என்பது 2004-இல் ஆக்ஸ்போர்டு அறிஞர் ராத்வெல் குழுவினர் காட்டிய உண்மை. எச்சரிக்கை தோன்றிய இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தால் பயன் மிகப் பெரிது. நாள் செல்லச் செல்ல அது தேய்கிறது. தொடை வழியே கம்பி செலுத்தி, வலைக்குழாய் வைத்துத் தமனியை விரிக்கும் முறையும் இன்று உண்டு. 2010-இல் வெளியான பெரிய ஆய்வில், வலைக்குழாய் வைத்தோருக்குச் சிகிச்சைக் காலப் பக்கவாதமும், அறுவை செய்தோருக்கு மாரடைப்பும் சற்று மிகுதியாகக் காணப்பட்டன. எது எவர்க்கு ஏற்றது என்பதை வயதும் உடல்நிலையும் கொண்டே மருத்துவர் முடிவு செய்வர்.

அறுவைக்குப் பின்

நோயாளியை விழிப்பாகவே வைத்துக் கழுத்தை மட்டும் மரக்கச் செய்து அறுவை நடத்துவதும் உண்டு. அப்போது ஒலி எழுப்பும் பொம்மையொன்றை எதிர்ப்பக்கக் கையில் கொடுத்து அழுத்தச் சொல்வர். ஒலி நின்றால் மூளைக்கு இரத்தம் போதவில்லை என்பது குறிப்பு.

அறுவை முடிந்தபின் முதற்கவலை இரத்த அழுத்தம். நெடுநாள் குறைந்த இரத்தத்துக்குப் பழகிய மூளைக்குள் திடுமெனப் பெருக்கு பாய்ந்தால் கடுந்தலைவலியும் வலிப்பும், அரிதாக இரத்தக் கசிவும் நேரலாம். இது சில நாள் கழித்தும் தோன்றக் கூடுமாதலின், வீடு திரும்பியபின் வரும் தலைவலியைப் புறக்கணித்தல் கூடாது. கழுத்து நரம்புகள் நெருங்கியிருப்பதால் சிலருக்குக் குரல் கம்முதலும் நாக்கு ஒரு பக்கம் சாய்தலும் உண்டாகும். பெரும்பாலும் அவை சில வாரங்களில் அல்லது மாதங்களில் நீங்கும்.

இவ்வறுவை வருங்காலப் பக்கவாதத்தைத் தடுப்பதேயன்றி, முன்னரே மாண்ட மூளைப் பகுதியை உயிர்ப்பிப்பது அன்று. செயலிழந்த கையும் பேச்சும் மீள்வது, பல மாதம் விடாது செய்யும் உடற்பயிற்சியாலும் பேச்சுப் பயிற்சியாலுமே ஆகும்.

தமிழர்க்கு இதனால் அறிய வேண்டுவது

தமிழகத்தில் 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும் மூளை நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கினர். 1970-இல் வெளியான வேலூர் ஆய்வொன்று, அப்பகுதியில் 1 இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 57 பேர் பக்கவாதத்தோடு வாழ்வதைக் கணக்கிட்டது. தென்னிந்தியாவில் இந்நோயை வீடு வீடாகத் தேடிக் கணக்கெடுத்த தொடக்க முயற்சிகளுள் அது ஒன்று.

மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. ஐரோப்பியரிடம் கழுத்துத் தமனி குறுகுதல் மிகுதி. சீனர், இந்தியர் முதலிய ஆசிய மக்களிடம் தலை எலும்புக்குள்ளே உள்ள தமனிகள் குறுகுதல் மிகுதி. உள்ளே உள்ளவற்றைக் கழுத்து அறுவையால் திருத்த இயலாது. ஆகவே டத்தோ கிராமாட்டில் வாழும் மூவினத்தார்க்கும் அறுவையைக் காட்டிலும் முதன்மையானவை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளவோடு நிற்றலும், புகையிலையை ஒழித்தலும் ஆகும். ஒரு கை திடீரெனத் தளர்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறிப் பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டால், ‘காற்றுப் பிடிப்பு, நீங்கிவிட்டது’ என்று எண்ணெய் தேய்த்துப் படுத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் மறையவில்லை. உண்மையில் அந்தப் பத்து நிமிடமே மருத்துவமனைக்கு விரைய வேண்டிய நேரம்.

பழம்பெயரை மாற்ற வேண்டுவதில்லை. ‘பக்கவாதம்’ என்ற சொல்லில் முன்னோரின் கூர்ந்த நோக்கு உள்ளது. அக்காற்று வீசுமுன் பல வேளைகளில் இலை அசைகிறது என்பதையும் அச்சொல்லோடு சேர்த்து மாணாக்கர்க்குக் கற்பித்தால், அவர்தம் வீட்டு முதியோருள் சிலரேனும் காக்கப்படுவர்.