காலனி: கிங்ஸ் சர்க்கிளில் ஒரு நிறைசமுதாயத் திட்டமும் அதன் சொற்களும்

குறைவற்றதொரு சமுதாயத்தை மாந்தர் என்றேனும் படைக்க இயலுமா என்னும் வினா மெய்யியலாருக்கே உரியதாகப் பெரிதும் கருதப்பட்டு வந்துள்ளது. அவ்வினாவில் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்குண்டு என்பதை, மும்பையின் கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்தை முன்னிறுத்தி ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. சமுதாயத்தைத் திட்டமிடுவோர் முதலில் வகுப்பவை தெருக்கள் அல்ல, பெயர்களே. அப்பெயர்கள் பின்னர் என்ன ஆயின என்பது திட்டத்தின் வரலாற்றையே காட்டவல்லது.

தாமஸ் மோர் 1516இல் இலத்தீனில் எழுதிய நூலுக்கு 'உட்டோப்பியா' எனப் பெயரிட்டார். கிரேக்கத்தில் 'இடம்' எனப் பொருள்படும் சொல்லின்முன் இன்மையைக் குறிக்கும் முன்னொட்டை அவர் சேர்த்தார். 'நன்மை' எனப் பொருள்படும் மற்றொரு முன்னொட்டும் ஏறத்தாழ அதே ஒலியில் அமைந்ததால் பெயர் இருபொருள் கொண்டது. தமிழில் இதற்கு வழங்கும் ஆக்கங்களுள் 'கற்பனையுலகு' என்பது இன்மைப் பொருளை மட்டும் கொள்கிறது. 'பொன்னுலகு' என்பது நன்மைப் பொருளை மட்டும் கொள்கிறது. அதுவும் தேவருலகைக் குறித்த பழஞ்சொல். மோரின் தீவிலோ பொன்னுக்கு மதிப்பில்லை. கழிவுக் கலங்களும் அடிமைகளுக்குரிய விலங்குகளுமே அங்குப் பொன்னால் செய்யப்பட்டன. அந்நாட்டைப் பொன்னுலகு என்பது நகைமுரண் அன்றோ! நிறைசமுதாயமாகப் புனையப்பட்ட அத்தீவிலும் அடிமைகள் இருந்தனர் என்பதும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது.

'இல்லிடம்', 'நல்லிடம்' என்னும் இணை மூலத்தின் சிலேடைக்கு நெருங்கி வருகிறது. தமிழில் 'இல்' என்பது இன்மையையும் வீட்டையும் ஒருங்கே குறிப்பதால் மூலத்தில் இல்லாத மூன்றாம் பொருளும் கிட்டுகிறது. இவ்வேறுபாட்டை நகரமைப்புக்குக் கொண்டுவந்தவருள் முதன்மையானவர் பேட்ரிக் கெடிஸ். எங்கும் இல்லாத ஊரைக் கனவு காண்பதை விடுத்து, இருக்கும் ஊரை இயன்றவரை நல்லிடமாக்குதலே வேண்டற்பாலது என்பது அவர் கொள்கை. 1914இல் இந்தியா வந்து, மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களைப் பற்றி அறிக்கை எழுதிய அவர், 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக விளங்கினார். ஆயின், அந்நகரின் வடபால் அன்று உருவாகிக்கொண்டிருந்த புதுக் குடியிருப்புகள் அவர் வழியில் எழுந்தவை அல்ல.

1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. நெருக்கமும் இருளுமே நோய்க்குக் காரணம் எனக் கருதிய அரசு, 1898இல் சட்டமியற்றிப் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை நிறுவியது. எபனேசர் ஹோவார்டின் தோட்டநகர் பற்றிய நூல் இலண்டனில் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். அறக்கட்டளை பழைய பகுதிகளில் இடித்த குடியிருப்புகள், அது கட்டித்தந்தவற்றினும் மிகுதி என்னும் குறை அக்காலத்திலேயே எழுந்தது. மறுபுறம் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் வயல்களையும் வெற்று நிலங்களையும் கையகப்படுத்தி அகன்ற சாலைகளும் பூங்காக்களும் கொண்ட புறநகரை அது வகுத்தது. சாலைகள் கூடும் வட்டப் பூங்காவே கிங்ஸ் சர்க்கிள். அப்பூங்காவின் பெயர் மகேசுவரி உத்யான் என மாறியபின்னும் மக்கள் வழக்கிலும் தொடர்வண்டி நிலையப் பெயரிலும் பழம்பெயரே நிலைத்துள்ளது.

இத்திட்டத்தாரின் நம்பிக்கையை அறிய அறுபத்து மூன்றரைப் பாகை விதி ஒன்றே போதும். அறக்கட்டளையின் தலைவராயிருந்த ஜே. பி. ஓர் வலியுறுத்திய விதி அது. ஓர் அறையின் அடித்தளத்தையும் எதிர்க்கட்டடத்தின் உச்சியையும் இணைக்கும் கோடு கிடைமட்டத்தோடு 63½ பாகைக்கு மேற்படலாகாது. அதாவது, கட்டடத்தின் உயரத்தில் ஏறக்குறைய பாதியளவேனும் எதிரே திறந்தவெளி விடப்பட வேண்டும். கதிரவனின் ஒளி எல்லாச் சாளரங்களுக்கும் ஒப்பப் பகிரப்படும் சமுதாயம்! இன்றும் மாட்டுங்காவின் பழைய அடுக்ககங்களில் நுழையும் காற்றும் ஒளியும் அவ்விதியின் பயனே. அதனை எள்ளி நகையாடுதல் முறையன்று.

ஒளியை அளந்து பகிர்ந்த திட்டம் குடியிருப்போரை எவ்வாறு பகிர்ந்தது? மஞ்செர்ஜி ஜோஷி என்னும் பொறியாளர் பார்சி நடுத்தர மக்களுக்கென 103 மனைகளை ஒதுக்குமாறு அறக்கட்டளையை இசைவித்தார். அது பார்சி காலனி ஆயிற்று. அதன் அருகே இந்து காலனி எழுந்தது. மாட்டுங்காவிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் தஞ்சை, பாலக்காடு, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து எழுத்தராகவும் கணக்கராகவும் வந்த தமிழர், அவருள்ளும் பெரும்பாலும் பிராமணர், குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் இங்குத் தோன்றியது. 'வீடுண்டு, தோட்டமில்லை' எனப் பொருள்படும் தலைப்பில் நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஊரும் உட்சாதியும் வேறான இம்மக்கள் அடுக்கக வாழ்க்கையினூடே 'தென்னிந்தியர்' என்னும் பொதுப்பெயருக்குள் வந்ததை விரித்துரைக்கிறது. ஒரு பெயர் பிறந்த இடமாகவும் கிங்ஸ் சர்க்கிளைக் கொள்ளலாம்.

அப்பொதுப்பெயர் எவரை உள்ளடக்கவில்லை என்பதே அடுத்த வினா. கிங்ஸ் சர்க்கிள் இருப்புப்பாதைக்குக் கிழக்கே உள்ளது; மேற்கே, நடந்து செல்லும் தொலைவில் தாராவி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அங்குத் தோல் பதனிடும் தொழிலுக்கெனத் தமிழ் முசுலிம்களும் திருநெல்வேலிச் சீமையின் ஆதிதிராவிடரும் வந்து குடியேறினர். ஒரே மாவட்டத்திலிருந்து, ஒரே மொழி பேசி, ஒரே நகருக்கு வந்தோர் தண்டவாளத்தின் இருமருங்கிலும் பிரிந்து வாழ்ந்தனர். சேற்று நிலத்தைத் தாமே தூர்த்துக் குடியமைத்தோர்க்கு 63½ பாகை விதி எட்டவில்லை.

'காலனி' என்னும் சொல்லின் இருவேறு வாழ்வு இங்கு நோக்கத்தக்கது. இலத்தீனில் உழவரின் குடியேற்றத்தைக் குறித்த சொல் பம்பாயில் ஒழுங்கும் மதிப்பும் வாய்ந்த நடுத்தரக் குடியிருப்பைக் குறித்தது. தமிழகத்திலோ, ஆதிதிராவிடர்க்கு அரசு ஊருக்கு அப்பால் கட்டித்தந்த குடியிருப்புகள் காலனி எனப் பெயர் பெற்றன. 'ஊர்' ஒருபுறமும் 'காலனி' மறுபுறமும் நின்றமையால் முகவரியே சாதியை அறிவிக்கலாயிற்று. 'சேரி' என்னும் சொல்லும் இவ்வழியே வந்ததுதான். பழந்தமிழில் அது பொதுவாக மக்கள் சேர்ந்து வாழும் பகுதியைச் சுட்டியது. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பன காணப்படுகின்றன. பிற்கால வழக்கிலோ ஒரு சாராரின் வாழிடத்துக்கே உரியதாகச் சுருங்கியது. பெயரை மாற்றினும் எல்லையை மாற்றாவிடின், புதுப்பெயரும் பழம்பெயரின் இழிவை ஏற்கும். 29.4.2025 அன்று தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் எனச் சட்டப்பேரவையில் அறிவித்தார். தாதரிலோ காலனி என்பது இன்றும் பெருமைக்குரிய முகவரி.

அத்தாதர் இந்து காலனியில்தான் அண்ணல் அம்பேத்கரின் 'ராஜகிருகம்' 1930களின் தொடக்கத்தில் எழுந்தது. இந்துவாக இறக்கப்போவதில்லை என 1935இல் இயோலாவில் அறிவித்தவரின் முகவரியில் இந்து காலனி என்னும் பெயர் இருந்தது. இலாகூர் மாநாட்டிற்கென அவர் ஆயத்தம் செய்து, மாநாடு கைவிடப்பட்டதால் 1936இல் தாமே அச்சிட்ட சாதி ஒழிப்புரையில், தாம் வேண்டும் இலட்சியச் சமுதாயம் எது என்னும் வினாவை அவரே எழுப்பி விடை கூறுகிறார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பன விடை. அவ்வுரை 1,500 படிகள் இரண்டு திங்களில் விற்றுத் தீர்ந்ததையும், குசராத்தியிலும் தமிழிலும் பெயர்க்கப்பட்டதையும் 1937ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். தமிழாக்கத்திற்கு வழிசெய்தவர் பெரியார்.

சகோதரத்துவத்தை விளக்குமிடத்து அம்பேத்கர் உயிரியற் சொல் ஒன்றைக் கையாள்கிறார். இன்றைய பள்ளிப் பாடநூல்கள் 'சவ்வூடு பரவல்' என வழங்கும் நிகழ்வின் ஒரு வகை அது. சமுதாயத்தின் ஒரு பகுதியில் நேரும் மாற்றம் தடையின்றி மறுபகுதிக்கும் ஊடுருவ வேண்டும் என்பது கருத்து. இதனை 'ஒன்றுகலத்தல்' எனப் பெயர்ப்பது போதாது. கலத்தலில் பிரிசுவர் மறைகிறது. சவ்வூடு பரவலில் சவ்வு இருக்கிறது, ஆனால் தடுப்பதில்லை. குறைவற்ற நிலையை அன்று, இடையறாத போக்குவரத்தையே அவர் இலட்சியமாகக் கொண்டார் என்பது இவ்வொரு சொல்லால் புலனாகிறது. திருக்குறளின் 'நாடு' என்னும் அதிகாரமும் பசி, பிணி, பகை, உட்குழு ஆகியவற்றின் இன்மையைக் கூறி, எல்லாம் அமைந்தும் வேந்தனோடு இசைவு இல்லையேல் பயனில்லை என முடிவதை ஒப்பிட்டு நோக்கலாம்.

இக்கருத்தை மனைப்பகிர்வாக்க முயன்றது 1997இல் தமிழக அரசு தொடங்கிய பெரியார் நினைவுச் சமத்துவபுரத் திட்டம். ஒவ்வொன்றிலும் 100 வீடுகள். ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. 'காலனி' என்னாது 'புரம்' என்றதும் தற்செயலன்று. எனினும், சாதியின்றி வாழ்வதற்கான மனையைப் பெறுவோர் சாதிச்சான்று காட்டியே பெற வேண்டியிருந்தது. இம்முரண் திட்டத்தின் இழுக்கு என்று இக்கட்டுரையாளர் கருதவில்லை. பிரித்து வைக்கப்பட்டோரைச் சேர்த்துக் குடியமர்த்த, அவர்கள் எவ்வாறு பிரிக்கப்பட்டனர் என்பதை எண்ணியே ஆகவேண்டும்.

தாராவிக்கும் இன்று ஒரு திட்டம் உண்டு. 2004இல் மகாராட்டிர அரசு ஏற்ற மறுசீரமைப்பு, 2022ஆம் ஆண்டு ஏலத்தில் அதானி குழுமத்தின் வசமாயிற்று. 1.1.2000க்கு முன்னரே தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்வந்தோர்க்கும் மேல்தளத்தார்க்கும் வேறிடம். இவ்விரு பிரிவினரையும் மராத்தி ஆவணங்கள் 'பாத்ர', 'அபாத்ர' எனப் பகுக்கின்றன. தமிழருக்குப் பாத்திரம் என்பது முதலில் அடுக்களைக் கலம். 'அன்புக்குப் பாத்திரமானவர்' என்னும் தொடரில் மட்டும் தகுதிப்பொருள் எஞ்சியுள்ளது. 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு, கோத்திரம் அறிந்து பெண்ணைக் கொடு' என்னும் பழமொழி அப்பொருளைக் குலத்தோடு இணைத்தே வைத்திருக்கிறது. ஆகவே 'அபாத்ர' என்பதை 'தகுதியற்றவர்' எனப் பெயர்ப்பின், குறை ஆளிடம் இருப்பதாகத் தமிழ் ஒலிக்கிறது. 'ஒதுக்கீடு பெறாதவர்' என்பதே ஆணையின் செயலைச் சுட்டுகிறது. அறிவிப்புகளைத் தமிழாக்குவோர் இதனையே கொள்ளலாம்.