சித்திரைப் பந்திக்குத் தயிர்ப் பழக்கலவை

பொத்துவிலில் சித்திரை வருடப்பிறப்புக்குப் பலகாரத்தோடு நான் பழக்கலவையும் வைப்பேன். டின்பால் ஊற்றுவோர் உண்டு. எனக்குச் சட்டியில் உறைந்த எருமைத் தயிர்தான் வேண்டும். 1 லீட்டர் தயிரைத் துணியில் கட்டி 3 மணித்தியாலம் வடியவிட்டால் கெட்டியாகும். அதில் 5 மேசைக்கரண்டி கித்துள் பாணி, ஒரு சிட்டிகை உப்பு.

அன்னாசியைப் பச்சையாகப் போடாதீர்கள். அதிலுள்ள புரோமலைன் என்ற நொதியம் பாற்புரதத்தை உடைப்பதால் கலவை கசந்து நீர்த்துவிடும். சீனியோடு 5 நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் அந்தக் குணம் போய்விடும். பப்பாசியிலும் அப்படியொரு நொதியம் உண்டு, காயில்தான் அதிகம்; நன்கு கனிந்ததையே எடுங்கள். வாழைப்பழம் கறுக்காமலிருக்கத் தேசிக்காய்ப்புளி. மாம்பழம் கடைசியில்.

முதற் கிண்ணம் பக்கத்து முஸ்லிம் வீட்டுக்கு. பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரும். யுத்த காலத்தில் சில வருடங்கள் இரண்டுமே நின்றுபோயின. ஒரே தெருவில் முகம் பாராமல் நடந்தோம்.

2004 கடல்கோளில் எங்கள் பாத்திரபண்டம் எல்லாம் போயிற்று. அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வட்டிலப்பம் வந்தது, இரவல் கிண்ணமொன்றில். அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. சித்திரை வரை வைத்திருந்தேன்.

அந்த வீட்டு உம்மாவுக்கு இப்போது நீரிழிவு. அவவின் பங்கைப் பாணி கலக்குமுன் எடுத்து வைத்துவிடுவேன்.