10 ஷில்லிங்குக்குப் போன சிங்கம்

1939. ஜோகன்னஸ்பர்க்கில் கேலோ இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம். சாலமன் லிண்டாவும் அவருடைய ‘ஈவினிங் பேர்ட்ஸ்’ குழுவினரும் ஒரு பாட்டை இரண்டு முறை பாடிப் பார்த்தார்கள், சரியாக அமையவில்லை. மூன்றாம் முறை, பாட்டு முடியப்போகும் தறுவாயில், லிண்டா உச்சக்குரலில் புதிதாக ஒரு மெட்டை இழுத்தார். சில விநாடிகள்தான். ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்று பின்னாளில் உலகம் முணுமுணுத்த மெட்டு அதுதான்.

ஜூலு இனத்தவரான லிண்டா, நேட்டால் பகுதியில் மாடு மேய்த்து வளர்ந்தவர். சிங்கத்தைப் பற்றிய அந்தப் பாட்டுக்கு ‘ம்பூபே’ என்று பெயர். 10 ஆண்டுகளில் சுமார் 1 லட்சம் தட்டுகள் விற்றன. தென்னாப்பிரிக்காவில் ஒரு பாட்டு வகையையே அந்தப் பெயரால் அழைத்தார்கள். உரிமையை நிறுவனம் வாங்கிக்கொண்டது 10 ஷில்லிங்குக்கு! லிண்டாவோ அதே நிறுவனத்தில் இசைத்தட்டுகளைக் கட்டி அனுப்பும் கூலியாள்.

தட்டு அமெரிக்கா போனது. 1952-இல் பீட் சீகரின் ‘வீவர்ஸ்’ குழு பாடிப் புகழ்பெற்றது. ஆக்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பால் கேம்ப்பெல்’ என்று இருந்தது. அப்படி ஓர் ஆளே கிடையாது. சீகர் தன் பங்காக லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பினார். 1961-இல் ‘டோக்கன்ஸ்’ குழு ஆங்கில வரிகளோடு பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மறு ஆண்டே சிறுநீரகம் செயலிழந்து லிண்டா இறந்தார். கல்லறைக்கு ஒரு கல் நட 18 ஆண்டுகள் ஆயின.

இத்தனைக்கும் எல்லாம் கையெழுத்துப் போட்டு, சட்டப்படி நடந்தவை. அதை நினைத்தால்தான் நெஞ்சு கொதிக்கிறது.

ஆனால், சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி கிடந்தது. 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் தம் படைப்பை என்ன விலைக்கு விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆனதும் உரிமை வாரிசுகளிடம் திரும்பிவிடும். அந்தக் கணக்கில் 1987-இலேயே பாட்டு லிண்டாவின் குடும்பத்துச் சொத்து. அந்தப் பாட்டைப் பயன்படுத்திய டிஸ்னியின் ‘லயன் கிங்’ படம் வந்ததோ 1994-இல்!

பத்திரிகையாளர் ரியான் மலான் 2000-இல் இந்தக் கதையை வெளிக்கொண்டுவந்தார். வழக்கறிஞர் ஓவன் டீன் அந்தப் பழைய பிரிவைக் கையில் எடுத்தார். 2004-இல் டிஸ்னிமீது வழக்கு. தென்னாப்பிரிக்காவில் அந்நிறுவனத்துக்கு இருந்த வணிகச் சின்னங்களையே நீதிமன்றம் முடக்கிவைத்தது. 2006-இல் சமரசம். பழைய பாக்கியும் அதன்பின் வரும் வருவாயில் பங்கும் வாரிசுகளுக்கு. பாட்டின் இணை ஆசிரியராக லிண்டாவின் பெயர். அவருடைய மகள்களில் ஒருவர் 2001-இலேயே இறந்துவிட்டிருந்தார். மிஞ்சிய மூவர் அந்தப் பணத்தைப் பெற்றார்கள்.